50 ஆண்டுகளுக்கு முன் போர்க்கைதியாக இருந்தவர்: முதுமையில் ஏன் இப்படி ஆகிறது?

குமரிக்கடல் எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். நான் குமரி மாவட்டத்துக்காரன். இஸ்ரேலில் ஹைஃபா நகரத்தில் ஒரு முதியவரின் வீட்டிலேயே தங்கி அவரைப் பார்த்துக்கொள்ளும் வேலை செய்கிறேன். இதற்கு முன் இரண்டு வீடுகளில் பக்கவாதம், பார்க்கின்சன் நோய் உள்ளவர்களைப் பராமரித்த பழக்கம் உண்டு. ஆனால் இவரிடம் நான் காண்பது எனக்குப் புதிது என்பதால், விவரம் தெரிந்தவர்களிடம் கேட்கலாம் என்று எழுதுகிறேன். அவருடைய பெயரையோ குடும்பத்தின் அடையாளத்தையோ இங்கே குறிப்பிடப் போவதில்லை.

அவர் 70 வயதைக் கடந்தவர். 1973 அக்டோபர் 6, யூதர்களின் யோம் கிப்பூர் நோன்பு நாளன்று எகிப்தும் சிரியாவும் ஒரே நேரத்தில் இஸ்ரேலைத் தாக்கியபோது, கோலான் குன்றுப் பகுதியில் இளம் படைவீரராக இருந்தார். அங்கே பிடிபட்டு, சிரியாவின் தலைநகர் டமாஸ்கஸில் சிறை வைக்கப்பட்டு, 1974 ஜூன் மாதம் கைதிகள் பரிமாற்றத்தின்போது வீடு திரும்பினார். அதன்பிறகு படித்துப் பொறியாளராகி, 35 ஆண்டுகள் ஒரே இடத்தில் வேலை பார்த்து, மூன்று பிள்ளைகளை ஆளாக்கினார். அந்த எட்டு மாதங்களைப் பற்றி வீட்டில் அவர் ஒரு வார்த்தைகூடப் பேசியதில்லை என்று மகள் சொல்கிறார். மனைவி இறந்து நான்கு ஆண்டுகள் ஆகின்றன. இந்த மாற்றங்கள் அதற்குப் பிறகுதான் தொடங்கின என்றும், 2023 அக்டோபருக்குப் பின் தொலைக்காட்சியில் பிணைக்கைதிகள் பற்றிய செய்தி இரவும் பகலும் ஓடியதில் மிகவும் கூடிவிட்டன என்றும் மகள் கருதுகிறார்.

நான் கண்ணால் காண்பதைச் சொல்கிறேன். கட்டிலில் படுக்க மாட்டார். கதவைப் பார்த்தபடி போட்ட நாற்காலியில்தான் உறக்கம், அதுவும் விடிகிற நேரத்தில். தலையணை உறைக்குள் ரொட்டித் துண்டுகள் இருக்கும். நான் எடுத்துப் போட்டுவிட்டால் அன்று முழுவதும் முகம் கொடுத்துப் பேச மாட்டார். சாவிக்கொத்து ஓசை கேட்டால் எழுந்து சுவரை நோக்கி நின்றுவிடுகிறார். போன மாதம் சவரம் செய்வதற்கு முன், எல்லா முதியவர்களுக்கும் செய்வதுபோல, வெந்நீரில் நனைத்துப் பிழிந்த துண்டை அவர் முகத்தின்மேல் வைத்தேன். அடுத்த நொடி என் மணிக்கட்டைப் பிடித்தார். அந்தப் பிடியின் வீக்கம் வடிய இரண்டு நாள் ஆயிற்று. பிடித்த பிடியை விடாமல் ஒரே சொல்லைத் திரும்பத் திரும்பச் சொன்னார். அது ஹீப்ரு மொழிபோல் இல்லை. மகளிடம் அந்த ஓசையைச் சொல்லிக் காட்டினேன். அது அரபு மொழியில் ஓர் எண் என்று சொல்லிவிட்டு அவர் அழுதார்.

எனக்குத் தெரிய வேண்டியவை இவை. இது மறதி நோயின் தொடக்கமா, அல்லது பழைய சிறைவாசத்தின் விளைவா? இத்தனை ஆண்டுகள் நன்றாக வாழ்ந்த ஒருவருக்கு இந்த வயதில் ஏன் வருகிறது? போரில் சண்டையிட்டதால் வருவதும் சிறைப்பட்டதால் வருவதும் ஒன்றுதானா? எல்லாவற்றையும்விட, அன்றாடம் அவர் அருகில் இருக்கும் நான் என்ன செய்ய வேண்டும், எதைச் செய்யக் கூடாது? விரைவில் அவருக்குக் கண்புரை அறுவைச் சிகிச்சை நடக்க இருக்கிறது. கண்ணைக் கட்டுவார்களே என்று நினைத்தாலே எனக்குப் பயமாக இருக்கிறது.

வைகைக்கரை மருத்துவர் எழுதியது:

அன்புள்ள குமரிக்கடல் அவர்களுக்கு, நான் மனநல மருத்துவர். நேரில் பார்க்காத ஒருவருக்கு நோய்ப்பெயர் சூட்டுவது முறையல்ல. ஆனால் கதவு, ரொட்டி, சாவி ஓசை, முகத்தின்மேல் துண்டு என்று நீங்கள் எழுதியிருக்கும் ஒவ்வொன்றும் அவருடைய மருத்துவக் குறிப்பேட்டில் ஏற வேண்டியவை. இவற்றை அப்படியே மகளிடம் எழுதிக் கொடுத்து, அவருடைய மருத்துவரிடம் சேர்க்கச் சொல்லுங்கள்.

முதல் கேள்விக்கு. குழப்பம் இரண்டு மூன்று நாட்களுக்குள் திடீரென்று வந்து, காலையில் ஒரு விதமாகவும் மாலையில் வேறு விதமாகவும் இருந்தால், சிறுநீர்த் தொற்றோ புதிய மாத்திரையோ காரணமாக இருக்கலாம். அதை உடனே பார்க்க வேண்டும். மறதி நோய் உண்டா என்பதையும் முறையாகச் சோதிக்க வேண்டும். ஆனால் ஒன்று இருப்பதால் மற்றொன்று இல்லை என்று ஆகிவிடாது. மறதி நோய் அண்மை நினைவுகளைத்தான் முதலில் அரிக்கும். பழைய நினைவுகளை இத்தனை காலம் அடக்கி வைத்திருந்த கட்டுப்பாடு தளரும்போது, நேற்றுச் சாப்பிட்டது மறந்துபோய் 1973 மட்டும் கண்ணெதிரே நிற்பது நடக்கக்கூடியதுதான்.

மற்ற கேள்விகளுக்கு வழிகாட்டும் ஆய்வு ஒன்று நீங்கள் இருக்கும் நாட்டிலேயே நடந்திருக்கிறது. டெல் அவிவ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த சஹாவா சாலமனும் அவருடைய குழுவினரும், 1973 போரில் சிறைப்பட்டுத் திரும்பியவர்களையும், அதே போரில் சண்டையிட்டுச் சிறைப்படாமல் திரும்பியவர்களையும் அருகருகே வைத்து, 1991, 2003, 2008 எனப் பல ஆண்டுகள் தொடர்ந்து சென்று அவர்களுடைய மன உளைச்சலின் அறிகுறிகளை அளந்தார்கள். காலம் எல்லாவற்றையும் ஆற்றும் என்று நாம் சொல்லிப் பழகியிருக்கிறோம். முன்னாள் கைதிகளிடம் கண்டது அதற்கு நேர்மாறாக இருந்தது. சண்டையிட்டு மட்டும் திரும்பியவர்களிடம் அறிகுறிகள் பொதுவாகக் குறைந்த அளவிலேயே நின்றுவிட, சிறைப்பட்டவர்களில் பலருக்கு ஆண்டுகள் செல்லச் செல்லக் கூடின. முதலில் நன்றாக இருந்த சிலருக்குப் பல பத்தாண்டுகள் கழித்துப் புதிதாகவே தோன்றின. ஆகவே உங்கள் முதியவர் இத்தனை காலம் நடித்தார் என்றோ, இப்போது மிகைப்படுத்துகிறார் என்றோ யாரும் எண்ண வேண்டியதில்லை.

அமெரிக்காவில் இரண்டாம் உலகப் போரிலும் கொரியப் போரிலும் சிறைப்பட்டவர்கள் 262 பேரைப் பற்றி 1997-இல் வெளியான ஆய்வையும் சொல்ல வேண்டும். அவர்களில் 53 விழுக்காட்டினர் வாழ்நாளில் ஒரு கட்டத்தில் பிடிஎஸ்டி எனப்படும் பேரதிர்ச்சிக்குப் பிந்தைய உளைச்சலுக்கு ஆளாகியிருந்தார்கள். 40, 50 ஆண்டுகள் கழிந்த பின்னும் 29 விழுக்காட்டினருக்கு அது நீடித்தது. ஜப்பானியரிடம் சிறைப்பட்டவர்களைத் தனியே எடுத்தால் அந்த எண்கள் 84, 59 ஆகின்றன. இவ்வளவு கொடுமைக்கு மனித மனம் காட்டும் இயல்பான எதிர்வினை இது என்றே அந்த ஆய்வாளர்கள் முடிவுக்கு வந்தார்கள். இயல்பான என்ற அந்தச் சொல்லை அவருடைய பிள்ளைகளுக்கு நீங்கள் எடுத்துச் சொல்லலாம்.

சண்டையும் சிறையும் ஏன் வேறுபடுகின்றன? குண்டுமழைக்கு நடுவில் இருப்பவனுக்கும் சாவுபயம் உண்டு. நண்பன் பக்கத்தில் விழுவதைப் பார்த்த துயரம் உண்டு. ஆனால் அவன் கையில் ஆயுதம் இருக்கிறது, தோள்கொடுக்க அணி இருக்கிறது, ஓடவோ திருப்பித் தாக்கவோ வழி இருக்கிறது. அங்கே வரும் குண்டு அவன் பெயர் தெரிந்து வருவதில்லை. சிறையில் கொடுமை செய்பவன் எதிரில் உட்கார்ந்திருக்கிறான்; கைதியின் முகம் அவனுக்குத் தெரியும்; அடிக்கும் அவனிடமேதான் சோற்றுக்கும் தண்ணீருக்கும் கழிப்பறைக்கும் கையேந்த வேண்டும். இது வாரக்கணக்கில், மாதக்கணக்கில் தொடரும்போது, பயம் மட்டுமல்லாமல், தான் யார் என்ற எண்ணமும், இன்னொரு மனிதனை நம்பலாம் என்ற எண்ணமும் சேர்ந்தே சிதைகின்றன. பிடிஎஸ்டி 1980-இல் அமெரிக்க மனநல வகைப்பாட்டில் இடம்பெற்றபோது இந்த வேறுபாடு அதில் இல்லை. இப்படிப்பட்ட நீண்ட கொடுமையின் விளைவைத் தனியாகப் பார்க்க வேண்டும் என்று அமெரிக்க மனநல மருத்துவர் ஜூடித் ஹெர்மன் 1992-இல் வாதிட்டார். 2022 முதல் நடைமுறையில் உள்ள உலகச் சுகாதார அமைப்பின் பட்டியலில்தான் ‘சிக்கலான பிடிஎஸ்டி’ என்று அதற்குத் தனி இடம் கிடைத்தது.

முதுமையில் ஏன் என்றால், காவல் இருந்தவையெல்லாம் ஒவ்வொன்றாக விலகிவிடுகின்றன. வேலை ஓர் அணையாக இருந்தது. ஓய்வு பெற்றதும் நாள் முழுவதும் வெறுமையாயிற்று. மனைவி போய்விட்டார். பிறகு உடல் தளர்ந்து, குளிக்கவும் உடுத்தவும் இன்னொருவர் கையை எதிர்பார்க்கும் நிலை வந்தது. தன் உடல் இன்னொருவர் கட்டுப்பாட்டில் இருப்பதை அவர் கடைசியாக அறிந்த இடம் எது என்று யோசித்துப் பாருங்கள்.

நீங்கள் செய்யக்கூடியவை: பின்னாலிருந்து வராதீர்கள். தொடுவதற்கு முன் என்ன செய்யப்போகிறீர்கள் என்று சொல்லுங்கள். முகத்தை எதனாலும் மூடாதீர்கள். துண்டை அவர் கையிலேயே கொடுங்கள். அறைக்கதவை வெளியிலிருந்து பூட்டவே கூடாது. இரவில் சிறு விளக்கு எரியட்டும். சாவிகளைத் துணிப்பையில் போட்டுக்கொள்ளுங்கள். நாற்காலியில் தூங்குவதைத் திருத்த முயல வேண்டாம். சாய்வு நாற்காலி வாங்கித் தரச் சொல்லுங்கள். அவரைத் தூண்டித் துருவிப் பேச வைக்காதீர்கள். அவராகப் பேசினால் கேளுங்கள். அதிர்ச்சியை மையமாகக் கொண்ட பேச்சுச் சிகிச்சை முதியவர்களுக்கும் பயன் தரும். ஆனால் அது பயிற்சி பெற்றவர் செய்ய வேண்டியது.

ஓய்வுபெற்ற படைவீரன் எழுதியது:

மருத்துவர் ஐயாவின் விளக்கத்துக்கு நன்றி. நான் இந்தியத் தரைப்படையின் மருத்துவப் பிரிவில் 24 ஆண்டுகள் பணிபுரிந்தவன். சிறைக்குள் நடந்ததைப் பற்றி அவர் எழுதியிருக்கிறார். திரும்பி வந்தபின் நடப்பது அதற்குச் சற்றும் குறையாதது என்பது என் எண்ணம். அந்தப் பகுதியை நான் எழுதுகிறேன்.

இஸ்ரேலில் ஒரு பழைய கதை ஒவ்வொரு வீரனுக்கும் தெரியும். சிரியாவில் பிடிபட்ட ஊரி இலான் என்ற இளைஞன் 1955 ஜனவரியில் சிறையில் தற்கொலை செய்துகொண்டான். திரும்பி வந்த உடலில், நான் துரோகம் செய்யவில்லை என்று அவன் விட்டுச்சென்ற குறிப்பு இருந்தது. நாடே அவனைப் போற்றியது. போற்றியதில் தவறில்லை. ஆனால் 18 ஆண்டுகள் கழித்து அதே சிரியாவின் சிறையில் அடிபட்டு, ஏதோ ஒரு நாளில் வாய் திறந்துவிட்டு, உயிரோடு திரும்பி வந்தவன் அந்தக் குறிப்பின் முன்னால் எப்படி நிமிர்ந்து நிற்பான்? 1973 போரில் சிறைப்பட்டுத் திரும்பியவர்களை நேராக வீட்டில் விட்டுவிடவில்லை. ஸிக்ரோன் யாக்கோவ் என்ற ஊரில் தங்கவைத்து, எதைச் சொன்னாய், எதைச் சொல்லவில்லை என்று அவர்களுடைய ராணுவமே விசாரித்தது. பலர் அதை இரண்டாவது சிறையாகவே நினைவுகூர்ந்திருக்கிறார்கள். உங்கள் முதியவர் வீட்டில் வாய் திறக்காததற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம்.

இதற்கு எதிர்ப்பக்கத்தில் வியட்நாம் இருக்கிறது. 1973-இல் 591 அமெரிக்கக் கைதிகள் விடுவிக்கப்பட்டார்கள். அவர்களில் எவரெட் ஆல்வரெஸ் எட்டு ஆண்டுகளுக்கும் மேல் உள்ளே இருந்தவர். ஹனோயின் ஹோவா லோ சிறையில் கொடிய சித்திரவதை நடந்தது. அப்படியிருந்தும், அமெரிக்காவின் பென்சகோலாவில் உள்ள கடற்படை ஆய்வு மையம் அவர்களை ஆண்டுக்கணக்கில் பரிசோதித்தபோது, எதிர்பார்த்ததைவிட மிகக் குறைவானவர்களிடமே பிடிஎஸ்டி காணப்பட்டது. அதே போரில் சிறைப்படாமல் திரும்பிய ஆண்களில் ஏறத்தாழ பத்தில் மூன்று பேர் வாழ்நாளில் ஒருமுறையேனும் அதற்கு ஆளானதாக 1980-களின் தேசிய ஆய்வு கண்டது. கைதிகளில் பெரும்பாலோர் வயதில் மூத்த, படித்த, விமானங்களில் பறந்த அதிகாரிகள் என்பதால் இரண்டையும் நேருக்கு நேர் நிறுத்த முடியாது. இருந்தாலும் இரண்டு காரணங்கள் எனக்கு மிக முக்கியமாகப் படுகின்றன.

ஒன்று, அவர்கள் தனிமையை உடைத்தார்கள். வரிசைக்கு ஐந்து எழுத்தாக, ஐந்து வரிசைகளில் ஆங்கில எழுத்துகளை மனத்தில் அடுக்கிக்கொண்டார்கள். 25 கட்டங்கள்தான் என்பதால் ‘கே’ என்ற எழுத்தை விட்டுவிட்டு ‘சி’யால் சமாளித்தார்கள். முதல் தட்டல்கள் எந்த வரிசை என்று சொல்லும். அடுத்த தட்டல்கள் அதில் எத்தனையாவது எழுத்து என்று சொல்லும். விரல் முட்டியால் சுவரில் தட்டியும், இருமியும், முற்றம் பெருக்கும்போது விளக்குமாற்றின் வீச்சிலும் பேசிக்கொண்டார்கள். இரண்டு, உடைந்தவனை அவர்கள் தள்ளிவைக்கவில்லை. சித்திரவதையில் எல்லோரும் ஏதோ ஒரு கட்டத்தில் உடைந்தே தீருவார்கள், தாங்கும்வரை தாங்கிவிட்டு அறைக்குத் திரும்பியபின் மீண்டும் எழுந்து நின்றால் போதும் என்பதை மூத்த அதிகாரி ஜேம்ஸ் ஸ்டாக்டேல் சுவர் வழியாகவே அவர்களுக்குப் பரப்பினார். அந்த மன்னிப்பு உள்ளேயே கிடைத்துவிட்டது. வெளியே வந்தபோது நாடும் அவர்களை வரவேற்றது.

சண்டைமுனையிலும் இதே பாடம்தான். 1982 லெபனான் போரில் மனம் குலைந்த இஸ்ரேலிய வீரர்களில், முனைக்கு அருகிலேயே, உடனடியாக, நீ மறுபடியும் உன் அணிக்குத் திரும்புவாய் என்ற நம்பிக்கையோடு சிகிச்சை பெற்றவர்கள் 20 ஆண்டுகள் கழித்தும் மற்றவர்களைவிட நன்றாக இருந்ததை, மருத்துவர் குறிப்பிட்ட அதே சாலமன் காட்டியிருக்கிறார்.

தம்பி, உங்களுக்குப் பயன்படும் ஒரு செய்தி: 1973 கைதிகள் தாங்களே 1998-இல் ‘ஏரிம் பலைலா’ என்ற சங்கத்தைத் தொடங்கினார்கள். இரவில் விழித்திருப்போர் என்பது அதன் பொருள். பெயரைப் பார்த்தாலே உங்கள் முதியவரின் நாற்காலி நினைவுக்கு வருகிறது அல்லவா? மகளிடம் சொல்லி விசாரிக்கச் சொல்லுங்கள். அவர் நம்மிடம் சொல்லாததை, அதே சிறையிலிருந்த ஒருவரிடம் சொல்லலாம். அல்லது இருவரும் பேசாமல் உட்கார்ந்திருக்கலாம், அதுவும் நல்லதே.

கிள்ளான் மலர் எழுதியது:

நான் மலேசியாவிலிருந்து எழுதுகிறேன். எங்கள் தாத்தா படைவீரர் அல்லர். ரப்பர்த் தோட்டத்திலிருந்து இரண்டாம் உலகப் போரின்போது ஜப்பானியரால், தாய்லாந்தையும் பர்மாவையும் இணைக்கப் போட்ட சயாம் மரண ரயில் பாதைக்குக் கொண்டுபோகப்பட்டவர். அந்த 415 கிலோமீட்டர் பாதையில் நேச நாட்டுப் போர்க்கைதிகள் 60,000 பேருக்கு மேல் உழைத்து, 12,000 பேருக்கு மேல் மடிந்தார்கள். அவர்களுக்குக் கல்லறைகளும் பதிவேடுகளும் பிற்கால மருத்துவ ஆய்வுகளும் இருக்கின்றன. அவர்கள் பக்கத்திலேயே செத்துப்போன பல்லாயிரம் தமிழ்த் தொழிலாளர்களின் மனநிலையை எந்த மருத்துவமனையும் பின்தொடர்ந்து அளக்கவில்லை. அளந்தவர் எங்கள் பாட்டி ஒருவர்தான்.

தாத்தாவை எழுப்ப வேண்டுமானால் பாட்டி அறைக்குள் போக மாட்டார். வாசற்படியில் நின்று, முதலில் தன் பெயரைச் சொல்லி, பிறகு அவரைக் கூப்பிடுவார். பிள்ளைகள் எங்களுக்கும் அதுதான் சட்டம். ஏன் என்று கேட்டதில்லை. மழை பிடித்துக்கொண்டால் அன்றிரவு அவருக்குப் பக்கத்தில் யாராவது பேசிக்கொண்டே இருக்க வேண்டும். பாட்டி இறந்த பிறகு மூன்றே மாதத்தில் தாத்தா முற்றிலும் வேறு ஆளாகிவிட்டதாக நாங்கள் நினைத்தோம். அவர் மாறவில்லை, பாட்டி மறைத்து வைத்திருந்தது வெளியே வந்தது என்பது எனக்குப் பல ஆண்டுகள் கழித்துத்தான் விளங்கியது.

ஆகவே தம்பி, மனைவி இறந்தபின் தொடங்கியது என்று மகள் சொல்வதை இன்னொருமுறை யோசித்துப் பாருங்கள். அந்த அம்மா என்னென்ன செய்துவந்தார் என்று மகளிடம் கேளுங்கள். ரொட்டியை என்ன செய்வார், எப்படி எழுப்புவார், சவரத்துக்கு என்ன ஏற்பாடு என்று ஒவ்வொன்றாகக் கேளுங்கள். உங்களுக்கு வேண்டிய பாதி விடை அங்கே இருக்கும்.

குமரிக்கடல் எழுதியது:

மூவருக்கும் நன்றி. கிள்ளான் அக்கா சொன்னபடி மகளிடம் கேட்டேன். முதலில் அம்மா தனியாக எதுவும் செய்ததாக நினைவில்லை என்றார். பிறகு, அப்பாவின் கட்டில் பக்கத்து இழுப்பறையில் ஒரு தகரப் பிஸ்கட் டப்பா எப்போதும் இருக்கும், வெள்ளிக்கிழமை தோறும் அம்மா அதில் புது ரொட்டி வைத்துவிட்டுப் பழையதைப் பறவைகளுக்குப் போடுவார், பறவைகளுக்காகத்தான் அந்த டப்பா என்று நினைத்திருந்தேன் என்று சொன்னார். சொல்லிக்கொண்டிருக்கும்போதே பேச்சை நிறுத்திவிட்டார். டப்பா அடுக்களைப் பரண்மேல் கிடைத்தது. கழுவிக் காயவைத்து, ரொட்டி போட்டு, அதே இழுப்பறையில் வைத்தேன். அன்றிரவு அவர் திறந்து பார்த்தார், மூடினார். அதன்பிறகு தலையணை உறையில் எதுவும் இல்லை. நாற்காலியில்தான் இன்னும் தூங்குகிறார். அதை நான் இப்போது ஒரு குறையாக எண்ணுவதில்லை.

சங்கத்துக்கு மகள் எழுதியிருக்கிறார். கண் அறுவைச் சிகிச்சைதான் மிச்சமிருக்கும் கவலை.

வைகைக்கரை மருத்துவர் எழுதியது:

அந்த அம்மா செய்ததைப் படித்தபோது, சிறைப்பட்டுத் திரும்பிய வீரர்களின் மனைவியரிடமும் அதே உளைச்சலின் அறிகுறிகள் படிந்திருப்பதை இஸ்ரேலிய ஆய்வுகள் கண்டது நினைவுக்கு வந்தது. அவருக்காக யாரும் கேட்டிருக்க மாட்டார்கள்.

அறுவைச் சிகிச்சைக்கு முன்பே கண் மருத்துவரையும் மயக்க மருந்து மருத்துவரையும் சந்தித்து, இவர் போர்க்கைதியாக இருந்தவர், கண் கட்டப்பட்ட அனுபவம் இருக்கக்கூடும் என்று மகள் நேரடியாகச் சொல்ல வேண்டும். கண்ணைக் கட்டுவதைவிட முகத்தின்மேல் விரிக்கும் துணிதான் பெரிய சிக்கல், ஏனென்றால் சிகிச்சை நடக்கும்போது அது முகம் முழுவதையும் மூடும். ஒளிபுகும் விரிப்பு கிடைக்குமா, மற்றக் கண்ணை மூடாமல் விட முடியுமா, முடிந்தபின் துணிக்கட்டுக்குப் பதில் ஒளிபுகும் கண்மூடி போடலாமா என்று மூன்றையும் கேளுங்கள். ஒவ்வொரு படியிலும் குரலால் சொல்லிவிட்டுச் செய்யட்டும். கையைக் கட்டிவைக்கக் கூடாது. பிடித்துக்கொள்ள ஒரு கை இருக்கட்டும். கையை அழுத்தினால் உடனே நிறுத்துவார்கள் என்பதை அவரிடம் முன்கூட்டியே சொல்லி, ஒருமுறை செய்தும் காட்டுங்கள்.

குமரிக்கடல் எழுதியது:

போன செவ்வாய்க்கிழமை சிகிச்சை முடிந்தது. நீங்கள் சொன்ன மூன்றையும் மகள் கேட்டார், மூன்றுக்கும் ஒத்துக்கொண்டார்கள். ஒரு செவிலியர் அவர் கையைப் பிடித்துக்கொண்டார். நடுவில் ஒருமுறை அவர் கையை அழுத்தியதாகவும், மருத்துவர் உடனே நிறுத்திவிட்டுக் காத்திருந்ததாகவும், சிறிது நேரம் கழித்து அவரே தொடரலாம் என்று சொன்னதாகவும் அந்தச் செவிலியர் வெளியே வந்து எங்களிடம் சொன்னார். வீட்டுக்கு வந்ததும் ஒளிபுகும் கண்மூடி வழியாக என்னை உற்றுப் பார்த்து, உன் சட்டை நீலமா, இவ்வளவு நாள் சாம்பல் நிறம் என்று நினைத்தேன் என்றார். மற்றக் கண்ணுக்கு ஆறு வாரம் கழித்து வரச் சொல்லியிருக்கிறார்கள்.